பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு: ‘உறையாமை’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றுக்குப் பதின்மூன்றாம் காரணி என்று பெயர். பிறவியிலேயே வரும் அதன் குறைபாட்டுக்கு நம் சொற்பட்டியலில் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்பதால் ‘குருதி உறையாமை’ என்ற பெரிய கூடையிலேயே இதையும் போட்டுவிடுகிறோம். அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இந்த நோயில் இரத்தம் உறைகிறது, நேரத்துக்கு உறைகிறது. உறையும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரம், ஏபிடிடி ஆகிய சோதனைகளும் தட்டணு எண்ணிக்கையும் இயல்பாகவே வரும். உறைந்த கட்டிதான் நிலைக்காது. பல் பிடுங்கிய இடத்தில் அப்போதைக்கு நின்ற இரத்தம் ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து மறுபடி கசியத் தொடங்கும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி காயும் நாட்களில் அங்கிருந்து இரத்தம் வடியும். நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் அறிகுறி இதுதான். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. ‘உறையாமையா?’ என்ற கேள்வியோடு சோதனைத் தாளைப் பார்ப்பவர், உறையும் நேரம் சரியாக இருப்பதைக் கண்டு நோயே இல்லை என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

என் முன்மொழிவு: ‘உறைகட்டித் தளர்வு’. குறை இருந்தால் சொல்லுங்கள்.

———

ஐயா, வணக்கம்.

‘உறையாமை’ பொருந்தாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘தளர்வு’ என்றால் முன்பு இறுக்கமாக இருந்தது பிறகு தளர்ந்தது என்று பொருள்படும். இங்கே கட்டி ஒருபோதும் இறுகவே இல்லை.

நடப்பதை அடுக்கிப் பார்ப்போம். த்ராம்பின் என்ற நொதி, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை நறுக்கி ஃபைப்ரின் ஆக்குகிறது. ஃபைப்ரின் மூலக்கூறுகள் தாமாகவே வரிசையாக அடுக்கி இழைகளாகின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகள்தாம். அதே த்ராம்பின் பதின்மூன்றாம் காரணியையும் முடுக்கிவிடுகிறது. அது கால்சியத்தின் துணையோடு ஒரு மூலக்கூறின் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் அடுத்ததன் லைசின் என்ற அமினோ அமிலத்தையும் வலுவான சகப்பிணைப்பால் தைக்கிறது. கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மின் என்ற நொதியைத் தடுக்கும் புரதத்தையும் இழையோடு சேர்த்தே தைத்துவிடுகிறது. தையல் விழாத கட்டியைப் பிளாஸ்மின் எளிதில் அரித்துவிடும். காயம் பட்ட அன்றைக்கு இல்லாத கசிவு மறுநாள் வருவது இதனால்தான்.

வீட்டில் தயிரைப் பார்த்து நாம் சொல்லும் சொல்லே இதற்குப் போதும்: ‘உறைஞ்சிருக்கு, ஆனா இறுகல.’ ஆகவே நோய்க்கு ‘உறைகட்டி இறுகாமை’ என்ற பெயரை முன்வைக்கிறேன். ‘உறையாமை’க்குப் பக்கத்திலேயே நிற்கும், வேறுபாடும் சொல்லிலேயே தெரியும். முடுக்கிவிடப்பட்ட பதின்மூன்றாம் காரணி நொதியாகச் செய்யும் தையல் வேலைக்கு வேதியியலில் வழங்கும் ‘குறுக்குப் பிணைப்பு’ இருக்கட்டும். ஃபைப்ரினை ‘இழையம்’ என்று மட்டும் ஆக்கிவிட வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் இழையம் என்றால் திசு. ‘இழையக் குறைபாடு’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் வேறு நோயாகப் படிப்பார்கள். ஃபைப்ரின் அப்படியே இருப்பது நல்லது.

———

இருவருக்கும் வணக்கம். ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து இரண்டு சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சோதனையின் பெயர். உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) 0.2 மி.லி., 0.025 மோலார் கால்சியம் குளோரைடு 0.2 மி.லி. சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் கட்டி விழும். அதைச் சிதைக்காமல் 5 மோலார் யூரியா 3 மி.லி. உள்ள குழாய்க்கு மாற்றி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். யூரியா வலுக்குறைந்த பிணைப்புகளைப் பிரித்துவிடும். சகப்பிணைப்பை அதனால் தொட முடியாது. இயல்பான கட்டி மறுநாளும் அப்படியே கிடக்கும். காரணி இல்லாதவரின் கட்டி சில மணி நேரத்தில், சில வேளை நிமிடங்களில், காணாமல் போகும். இதற்கு ‘உறைகட்டி கரைவுச் சோதனை’ என்பது நேரான பெயர். ‘சிதைவு’ என்று எழுதக்கூடாது, அது பிளாஸ்மின் செய்யும் வேலை.

கூடவே ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் சொற்பட்டியலில் வேண்டும். இரத்தத்தில் காரணி நூற்றுக்கு ஐந்து அளவு இருந்தாலே கட்டி கரையாது. ஒரு வாரத்துக்கு முன் பிளாஸ்மா ஏற்றியிருந்தால் சோதனை பொய்யாக ‘இயல்பு’ என்று வரும். சந்தேகம் இருந்தால் காரணியின் அளவையே அளக்க வேண்டும்.

இரண்டாவது, எண். உறைதல் காரணிகளை ரோமன் எண்ணில் எழுதுகிறோம். எட்டுக்கும் (VIII) பதின்மூன்றுக்கும் (XIII) நாலு எழுத்துதான். முதல் எழுத்து மட்டுமே வேறு, மற்ற மூன்றும் ஒரே மாதிரிக் கோடுகள். கையெழுத்து மங்கினால் இந்த நோயாளிக்கு எட்டாம் காரணி மருந்தை எடுத்து வைத்துவிடலாம், அதனால் ஒரு பயனும் இல்லை. தமிழில் ‘பதின்மூன்றாம் காரணி’ என்று எழுத்தால் எழுதுவதை விதியாகவே வைக்க வேண்டும். நீளம் என்று யாராவது சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

———

அன்பர்களே, ‘இறுகாமை’யை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். பெயருக்கு முன்னால் ‘பிறவி’ என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும். முதியவர்களுக்கு இதே காரணியை எதிர்த்து உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும் நிலை உண்டு. அதன் மருத்துவம் வேறு.

மரபு வழியையும் விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம். எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைவதால் வரும் ஹீமோஃபீலியா பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் நோய். பதின்மூன்றாம் காரணிக் குறைபாடோ ஒடுங்கு மரபு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் நம் குடும்பங்களில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்ணுக்கும், ஆறாத காயத்தோடு வருபவருக்கும் இந்தப் பெயர் மருத்துவரின் நினைவுக்கு வர வேண்டும்.

‘அரைவாழ்வு’ இங்கே நல்ல செய்தி. எட்டாம் காரணி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பதின்மூன்றாம் காரணிக்கு 9 முதல் 14 நாள் ஆகும். அதனால் கிலோவுக்கு 40 அலகு வீதம் 28 நாளுக்கு ஒருமுறை பதின்மூன்றாம் காரணியின் செறிவு மருந்து கொடுத்துத் தொடங்கலாம். அது கிடைக்காத ஊரில், உடல் எடை 10 முதல் 20 கிலோவுக்கு ஒரு பை கிரையோபிரெசிபிடேட் (உறையவைத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும், உறைதல் காரணிகள் கொண்ட படிவு), மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இப்படித் தவறாமல் கொடுப்பதற்கு ‘முற்காப்பு மருத்துவம்’ என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன். கசிவு வந்தபின் கொடுப்பதற்கு வேறு சொல் வேண்டும், இரண்டையும் ‘சிகிச்சை’ என்று ஒன்றாக எழுதினால், கசிவு நின்றதும் மாதாந்தர ஊசியைப் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சொல்லை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?