இறக்கையை விரித்தால் பின்னால் விழும் ஃப்ரீடம்: என்ன செய்யலாம்?

சிறகுவிரி:
நான் மாட்டியது பண்டாய் எச்ஜி 1/144 ஃப்ரீடம் கன்டம், அதாவது இறக்கை வைத்த ரோபோ பிளாஸ்டிக் மாடல் கிட்; 2015-ல் புதிதாக வடிவமைத்து வந்தது. தரையில் நிறுத்தி இறக்கையை விரித்தால் பின்பக்கமாக விழுகிறது. துப்பாக்கி பிடித்த கையும் தோளிலிருந்து மெல்ல இறங்கிவிடுகிறது. அடர் நிறப் பாகங்களில் கேட் (பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் காம்பு) வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது. பேனல் லைன் (பள்ளக் கோடுகளில் மை போடுவது) இனிமேல்தான். அதற்குத் தமியா இங்க் வாங்கலாமா?

ரன்னர்ராசா:
விழுவது ஜாயின்ட் கோளாறு இல்லை ப்ரோ. இறக்கை விரிந்ததும் பாரம் குதிகாலைத் தாண்டிப் போய்விடுகிறது. போஸைக் காலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு காலை ஒரு பாத நீளம் பின்னால் வைத்து, முட்டி இரண்டையும் லேசாக மடக்கி, இடுப்புக்கு மேலே உடலை முன்னால் சாயுங்கள். பிறகு கணுக்காலைத் திருப்பி உள்ளங்காலைப் படிய வையுங்கள். பாதத்தின் ஓரத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் விளிம்பில்தான் நிற்கிறது என்று அர்த்தம். தலை கடைசியில். துப்பாக்கி குறிபார்க்கும் பக்கமே முகமும் திரும்பணும்.

என்னைக் கேட்டால் முழு இறக்கை என்பது பறக்கிற போஸ்தான். மாடலைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டான ஆக்‌ஷன் பேஸ் 5 வாங்குங்கள் (4 என்பது பெரிய 1/100 அளவு மாடல்களுக்கு).

பாலிகேப்பன்:
கை இறங்குவதற்கு மருந்து வேறு. ரன்னர் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். 'பிஇ' என்றால் பாலிஎத்திலீன், அதாவது பாலிகேப், ஜாயின்ட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற குப்பி. ஃபெவிக்விக் அதில் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதனால் கேப்புக்குள் போகிற பிளாஸ்டிக் குமிழில் தடவணும். ஊசிமுனையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. கழற்றி வைத்தபடியே முழுசாகக் காயட்டும். ஈரத்தோடு மாட்டினால் அப்படியே இறுகிப்போய், அடுத்த முறை திருப்பும்போது தண்டு முறியும். பூச்சு தடித்துவிட்டால் 1000 எண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும்.

பசை பயமென்றால், பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றி மாட்டுங்கள். வேண்டாமென்றால் உரித்துவிடலாம்.

இன்னொன்று, கையை நேராக நீட்டினால் தோளுக்கு வரும் இழுப்பு அதிகம். முழங்கையை மடக்கித் துப்பாக்கியை உடம்போடு அணைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உப்புத்தாள்600:
வெள்ளைத் தழும்பு, ஒரே வெட்டில் பாகத்தை ஒட்டி அறுப்பதால் வருவது. நிப்பர் (வெட்டும் குறடு) நெரிக்கும்போது பிளாஸ்டிக் இழுபட்டு வெளுக்கிறது. முதல் வெட்டை 2–3 மிமீ தள்ளிப் போடுங்கள். இரண்டாவதில் நிப்பரின் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கட்டும், அரை மிமீ விடுங்கள். மிச்சத்தைக் கத்தியால் சீவி 600, 800, 1000 என்று தேய்க்கலாம். ஏற்கெனவே வெளுத்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள், ஓரளவு மங்கும்.

தமியா இங்க் எனாமல் வகை. இறுக்கி மாட்டிய பாகத்தில், முக்கியமாகக் குச்சி நுழையும் துளையைச் சுற்றி, தின்னர் ஊறி விரிசல் விடும். கழற்றிய பாகத்தில், க்ளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு) அடித்த பிறகு போட்டால் ஆபத்து குறைவு.

சிறகுவிரி:
எல்லாம் மாட்டியாச்சே!

உப்புத்தாள்600:
அப்படியென்றால் இங்க்கை விடுங்கள். கன்டம் மார்க்கர் நுனிப்பேனா போதும்: வெள்ளைக்கு ஜிஎம்02 சாம்பல், அடர் நிறங்களுக்கு ஜிஎம்01 கருப்பு. வழிந்த மையை உலர்ந்த காட்டன் பட்ஸால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். கோட்டோடு துடைத்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும்.