ஓவனை அணைத்த பிறகும் முக்கால் மணி நேரம் இரைகிறது: இந்தக் கூலிங் ஃபேனை என்ன செய்வது?

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். எங்கள் சமையலறையில் இருப்பது 36 அங்குல குக்கிங் ரேஞ்ச். மேலே ஆறு கேஸ் பர்னர், கீழே மின்சார ஓவன். பல வருடம் பணம் சேர்த்து ஆசையாக வாங்கியது. வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சமைப்பதில் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிரச்சினை அதன் கூலிங் ஃபேன்தான்.

ஓவனைப் போட்டு ஆறேழு நிமிடத்தில் அந்த ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கும். புதிதில் 'உஸ்' என்று காற்று போகிற சத்தம் மட்டும்தான். காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும். இரண்டு மாதமாக நிலைமை வேறு. தொடக்கத்தில் பழைய மாதிரிதான் ஓடுகிறது. கால் மணி நேரம் போய், ஓவன் நன்றாகச் சூடேறியதும், அடியில் ஒரு 'ர்ர்ர்' வந்து சேர்ந்துகொள்கிறது. அப்புறம் அது விடுவதே இல்லை. ஓவனை அணைத்த பிறகும் 45 நிமிடம் ஓடுகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். ஃபோனில் ஒலி அளக்கிற ஆப் போட்டு, ரேஞ்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தேன். ஃபேன் ஓடத் தொடங்கியதும் 51 டெசிபல். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் 60.

சர்வீஸுக்கு ஒருவர் வந்தார். அவர் வந்தபோது ஓவன் குளிர்ந்து கிடந்தது. ஏழாவது நிமிடம் ஃபேன் ஓடியது, பன்னிரண்டாவது நிமிடம் அவர் கிளம்பிவிட்டார். "பெரிய ரேஞ்ச் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம், இந்த மாடலே இப்படித்தான்" என்றார். தாளிலும் 'சாதாரணம்' என்று எழுதிக் கொடுத்தார். புதிதில் இப்படி இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

ஒரு ஃபேன் சத்தத்துக்கு இவ்வளவா என்று நினைக்காதீர்கள். அப்பா எங்களோடு இருக்கிறார், காதுக் கருவி போட்டிருக்கிறார். சமையலறையும் சாப்பாட்டு மேசையும் ஒரே கூடத்தில்தான். பேச்சோடு சேர்த்து இந்த இரைச்சலையும் அவருடைய கருவி பெரிதாக்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் எங்கள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயற்சி செய்வார். அப்புறம் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அந்த ஃபேனின் வயரைக் கழற்றிவிடலாமா? இல்லையென்றால் ரெகுலேட்டர் வைத்து வேகத்தைக் குறைக்க முடியுமா? எண்ணெய் விட்டால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி

சகோதரி, முதலில் ஒன்று: வயரைக் கழற்ற வேண்டாம். ஓவன், அடுப்பு ரிப்பேர்தான் பதினெட்டு வருடமாக என் தொழில். ஃபேனை நிறுத்திவிட்டு ஓட்டிய ஓவன்களைப் பிறகு நான்தான் பிரித்திருக்கிறேன். சர்க்யூட் போர்டு கருகியிருக்கும், வயர்களின் மேலுறை மொறுமொறுவென்று உதிரும்.

அந்த ஃபேன் ஓவனுக்குள்ளே இருப்பதைக் குளிர வைப்பதற்கு இல்லை. ஓவன் பெட்டிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் காற்றை இழுத்து, கதவுக்கு மேலே உள்ள சந்து வழியாகவோ பின்பக்கமாகவோ வெளியே தள்ளும். போர்டு, குமிழ்கள், கைப்பிடி, பக்கத்து மர அலமாரி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஓவனை அணைத்தாலும் அதன் சுவர்களில் தங்கிய சூடு உடனே போகாது, அதனால்தான் அணைத்த பிறகும் ஓடுகிறது. அரை மணி, முக்கால் மணி என்பது பெரிய ஓவனில் நடக்கக்கூடியதுதான். ஆகவே எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் சத்தம் மாறியிருக்கிறதே, அதைச் 'சாதாரணம்' என்று நான் எழுத மாட்டேன். ஆப் காட்டுகிற எண் துல்லியமாக இல்லாமல் போகலாம். ஆனாலும் ஒரே ஃபோனில், ஒரே இடத்தில், ஒரே நாளில் 51 எப்படி 60 ஆகும்? பத்து டெசிபல் ஏறினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும்.

எந்த ஃபேன் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓவனுக்குள்ளே பின்சுவரில், சூடான காற்றைச் சுழற்றிவிடுகிற கன்வெக்ஷன் ஃபேன் என்று வேறொன்று இருக்கும். சத்தம் வரும்போது கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் கதவு திறந்தால் அது நின்றுவிடும், கூலிங் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஓவனை அணைத்த பிறகும் வருகிற சத்தம் என்கிறீர்கள், கூலிங் ஃபேனாகத்தான் இருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, குமிழ் இருக்கிற முன்தகட்டையும், எட்டுகிற பக்கத் தகட்டையும் சூட்டுக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தினால் சத்தம் குறைகிறதா? அப்படியென்றால் ஃபேனில் கோளாறு இல்லை, எங்கோ ஸ்க்ரூ தளர்ந்து தகடு அதிர்கிறது. சூட்டில் தகடு விரியும், அதனால் சூடேறிய பிறகு மட்டும் கேட்கிற அதிர்வும் உண்டு.

கடைசியாகச் செய்ய வேண்டியதுதான் எனக்கு முக்கியம். 'ர்ர்ர்' வரும்போது ரேஞ்சுக்குப் போகிற பிரேக்கரை ஐந்தாறு வினாடி மட்டும் அணைத்துவிட்டு உடனே போடுங்கள். அந்த ஐந்தாறு வினாடியும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இந்த ஃபேன்களில் பெரும்பாலும் ஷேடட் போல் என்கிற சின்ன, எளிய வகை மோட்டார்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. அந்த முனகல் மின்சாரம் போன கணமே நின்றுவிடும். சக்கரமோ கொஞ்ச நேரம் சுற்றித்தான் நிற்கும். சத்தமும் அதோடு சேர்ந்து மெல்ல மெல்ல அடங்கினால் கோளாறு பேரிங்கிலோ சக்கரத்திலோதான். திரும்பப் போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ஓவனைக் குறைந்த சூட்டில் போட்டுவிடுங்கள், ஓட ஆரம்பிக்கும். கடிகாரத்தை மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

சூடேறிய பிறகுதான் வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குப் புஷ் மேல்தான் சந்தேகம், அதாவது சுற்றுகிற தண்டைத் தாங்குகிற உலோக வளையம். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷில்தான் தண்டு சுற்றும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். புஷ் தேய்ந்திருந்தால் தண்டு நேராக உலோகத்தில் உரசும்.

அலமாரிக்காரர்

நான் சமையலறை அலமாரி செய்கிறவன். மோட்டார் பற்றித் தெரியாது, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரேஞ்சுக்குப் பின்னாலும் பக்கத்திலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பொருத்தும் கையேட்டை வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழி வேண்டும். அலமாரி இறுக்கமாக இருந்தால் வெளியே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்பவும் இழுக்கும். சூடு இறங்காது, ஃபேனும் நிற்காது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கீழே இருக்கிற இடைவெளியைப் பலகை வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரு வாடிக்கையாளர் கேட்டு நானே அப்படிச் செய்து, பிறகு போய் அறுத்து எடுத்தேன்.

புதுக்குடித்தனம்

முன்பக்கச் சந்து வழியாகத் துரு நீக்குகிற ஸ்ப்ரே அடித்தால் போதும். என் மேசை ஃபேனுக்கு அப்படித்தான் செய்தேன், இன்றுவரை சத்தம் இல்லை.

திருப்புளி

தம்பி, மேசை ஃபேனுக்குச் சரி, ஓவனுக்கு வேண்டாம். அந்த ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற திரவம், தீப்பிடிக்கக்கூடியது. சந்து வழியாக அடித்தால் புஷ்ஷுக்குப் போவதை விடச் சூடான தகட்டிலும் வயரிலும்தான் அதிகம் படியும். புஷ்ஷுக்குப் போய்ச் சேர்ந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு முன்பைவிட மோசமாகக் கத்தும்.

சமையல் எண்ணெயையும் யாரும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பிசினாக இறுகிவிடும்.

ரெகுலேட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள் சகோதரி. சத்தம் குறையும், ஆனால் காற்றும் சேர்ந்து குறையும். எவ்வளவு காற்று போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ஃபேனை வைத்திருக்கிறார்கள். கைவைத்தால் வாரண்டியையும் மறுக்கலாம். நான்கு மாதம் இருக்கிறது என்கிறீர்கள், அதை வீணாக்காதீர்கள்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் செய்து பார்த்தேன். கதவைத் திறந்தபோது சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. தகட்டை அழுத்தியும் வித்தியாசம் இல்லை. பிரேக்கரை அணைத்தபோது நான் ஓவன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், என் மகள் பிரேக்கரைப் பார்த்துக்கொண்டாள். 'ர்ர்ர்' உடனே நிற்கவில்லை. நான்கு வினாடி இருக்கும், மெல்ல இறங்கி, கடைசியில் 'கரக், கரக்' என்று இரண்டு முறை உரசிவிட்டு நின்றது. அந்த உரசலைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. இத்தனை நாள் நான்தான் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறேனோ என்று இருந்தது.

அலமாரிக்காரர் சொன்னதையும் அளந்தேன், கையேட்டில் உள்ள அளவு சரியாகவே இருக்கிறது.

பழைய சத்தம் ஃபோனில் இல்லை. அதனால் ஒரே நாளில் இரண்டு பதிவு எடுத்தேன், ஓவன் போட்டு எட்டாவது நிமிடம் ஒன்று, நாற்பதாவது நிமிடம் ஒன்று. இரண்டையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்தேன். 'சத்தம் அதிகம்' என்று எழுதவில்லை. 'சூடேறிய பிறகு உரசல் வருகிறது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சக்கரம் நிற்கும்வரை தொடர்கிறது' என்று எழுதினேன். வேறொருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திருப்புளி

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வருகிற நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே ஓவனைப் போட்டு வையுங்கள். சத்தத்தை அவர் காதால் கேட்டுவிட்டால் வேலை சுலபம். பிரிப்பதற்கு முன் ஆற விடுவார், அது அவர் பாடு.

நிலாமுற்றம்

வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே தொல்லையோடு யாராவது வந்தால் உதவும்.

நீங்கள் சொன்னபடியே ஓவனைச் சூடாக்கி வைத்திருந்தேன். வந்தவர் சமையலறைக்குள் கால் வைத்ததுமே, "இது புஷ் சத்தம்" என்றார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. ஓவன் ஆறும்வரை காத்திருந்து, பிரேக்கரை அணைத்து, கேஸ் வால்வையும் மூடிவிட்டு, உதவிக்கு வந்தவரோடு சேர்ந்து ரேஞ்சை வெளியே இழுத்தார். நூறு கிலோவுக்கு மேல் எடை, தரையில் கீறல் விழாமல் அட்டை போட்டுத்தான் நகர்த்தினார்கள். தனியாக யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

பின்தகட்டைக் கழற்றியதும் அந்த ஃபேனை முதல் முறையாகப் பார்த்தேன். நான் வழக்கமான இறக்கை ஃபேன் என்று நினைத்திருந்தேன். இது நீளமான உருளை, சுற்றிலும் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. அந்தப் பக்கம் கனம் கூடியதால் உருளை ஆட்டத்தோடு சுற்றி, ஓரப் புஷ்ஷைத் தேய்த்துவிட்டது என்று விளக்கினார். தண்டைப் பிடித்து அசைத்தும் காட்டினார், ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. ஃபேனைத் தாங்குகிற ரப்பர் துண்டுகளில் ஒன்று நகம் மாதிரி இறுகிக் கிடந்தது. மோட்டார், உருளை, ரப்பர் எல்லாம் சேர்ந்த முழு புளோயரையும் வாரண்டியிலேயே மாற்றினார்.

இரண்டு வருடத்துக்குள் பிசுக்கு எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று கேட்டேன். மேலே பர்னர் எரியும்போது வருகிற எண்ணெய்ப் புகையில் கொஞ்சத்தை இந்த ஃபேன் உள்ளே இழுத்துவிடுமாம். நான் புகை வந்த பிறகுதான் சிம்னியைப் போடுவேன். இப்போது பர்னரைப் பற்ற வைப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறேன். ஓவன் முன்பக்கத்தில் காற்று போகிற இடைவெளியையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

அளவு கேட்பீர்கள்: அதே ஃபோன், அதே இடம். தொடக்கத்தில் 50, ஒரு மணி நேரம் கழித்து 52. அணைத்த பிறகு ஓடுகிற நேரமும் 45 நிமிடத்திலிருந்து 30 ஆகக் குறைந்திருக்கிறது. காற்று முழுதாகப் போவதால் சீக்கிரம் ஆறுகிறது போலிருக்கிறது. 'உஸ்' சத்தம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

நேற்று மேசையில் என் மகள் எதையோ சொல்ல, அப்பா நடுவில் புகுந்து அவளைத் திருத்தினார். கருவி காதிலேயே இருந்தது. ஓவன் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

திருப்புளி

ரொம்ப சந்தோஷம் சகோதரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரேஞ்சை இழுத்துத் திரும்பத் தள்ளியிருக்கிறார்கள், கேஸ் குழாயும் அதோடு நகர்ந்திருக்கும். இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாரா?

நிலாமுற்றம்

பார்த்தார், என் கண்ணெதிரே. வால்வைத் திறந்துவிட்டு இரண்டு இணைப்பிலும் தடவினார், குமிழி வரவில்லை. குழாய் எங்கும் மடங்கவில்லை என்று டார்ச் அடித்தும் காட்டினார்.