அப்பா விட்டுச் சென்ற 38,000 படங்கள்: தேதியெல்லாம் குழம்பிக் கிடக்கிறது, எப்படி அடுக்குவது?

ஜெலுத்தோங் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய பழைய கணினியில் 38,000 படங்களுக்கு மேல் கிடக்கின்றன. தைப்பூசம், கல்யாணம், எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி, ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனா வரைக்கும் விடாமல் எடுத்தவர். ஆனால் எதையும் பிரித்து வைக்கவில்லை. ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘அம்மா போன்’, ‘தைப்பூசம் எல்லாம்’ என்று ஃபோல்டர்கள். ஒரே படம் மூன்று இடத்தில் இருக்கிறது.

கணினி ரொம்ப மெதுவாகிவிட்டதால் ஒரு கடையில் கொடுத்துப் புது ஹார்டிஸ்க்குக்கு மாற்றினேன். திரும்ப வந்து பார்த்தால் எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி, கடையில் காப்பி எடுத்த நாள். பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்று. அப்பாவின் சின்னக் கேமராவில் எடுத்த 2,100 படங்கள் மட்டும் 2008 என்று காட்டுகின்றன. அது தவறு என்பது நிச்சயம், ஏனென்றால் அதில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் தங்க ரதம் இருக்கிறது. ரதத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் செம்பு நிறத்தில் ஒரு நிலா கூட எடுத்திருக்கிறார். இவற்றையெல்லாம் எந்த வருஷத்தில் போடுவது?

அம்மாவுக்கு 78 வயது. முகத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறார். ஆனால் போன மாதம் சொன்ன சில பெயர்கள் இந்த மாதம் வரவில்லை. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

செந்தூல் ஸ்டூடியோ அண்ணன்:

தங்கச்சி, தேதி தொலையவில்லை, பயப்படாதீர்கள். நான் செந்தூலில் முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன். இதே கவலையோடு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

ஒரு படத்துக்கு இரண்டு விதமான தேதி உண்டு. ஒன்று கணினி போடுவது. காப்பி எடுத்தால், இடம் மாற்றினால் அது மாறிவிடலாம். மற்றது ஷட்டரை அமுக்கிய நொடியில் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைப்பது. அதற்கு எக்ஸிஃப் என்று பெயர். கடைக்காரர் காப்பி எடுத்ததில் முதலாவதுதான் மாறியிருக்கும். விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து, மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘டேட் டேக்கன்’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான படங்களுக்குச் சரியான தேதி அங்கேயே நிற்கும்.

இப்போது அந்த 2008. கேமராவில் பேட்டரி ரொம்ப நாள் இல்லாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் செத்துப் போகும். மறுபடி பேட்டரி போட்டதும் கம்பெனி வைத்த ஏதோ ஒரு ஜனவரி 1இலிருந்து ஓட ஆரம்பிக்கும். ‘தேதி சரிசெய்’ என்று கேமரா கேட்டிருக்கும். அப்பா அவசரத்தில் ஓகே அமுக்கியிருப்பார். கடிகாரம் தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறதே தவிர, ஓடியது சரியாகத்தான். ஆகவே ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், 2,100 படங்களுக்கும் சேர்த்துத் திருத்திவிடலாம்.

அந்த ஒரு படம் உங்களிடம் இருக்கிறது. செம்பு நிலா! 2018இல் தைப்பூசம் ஜனவரி 31. அன்று இரவே முழுச் சந்திர கிரகணம். நம் மலேசிய நேரப்படி 8:51இலிருந்து 10:07 வரை நிலா முழுக்கச் சிவந்து நின்றது. நான் கோலாலம்பூர் பக்கம் பத்துமலை முருகன் கோயிலில் நின்று பார்த்தேன். கேமரா அந்த நிலாவுக்கு என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். உண்மை நேரத்தை நடுவாக 9:30 என்று வைத்துக் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். முக்கால் மணி நேரம் முன்னே பின்னே இருக்கலாம், குடும்பப் படத்துக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. படங்களைத் தேதிப்படி இல்லாமல் ஃபைல் எண் வரிசையில் வைத்துப் பாருங்கள். எண் ஏறும்போது தேதியும் ஏற வேண்டும். நடுவில் தேதி மட்டும் பின்னால் குதித்தால் கடிகாரம் இன்னொரு தடவை செத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் உள்ளவற்றுக்கு வேறு கணக்கு.

திருத்துவதற்கு டிஜிகேம் என்ற இலவச மென்பொருளே போதும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இத்தனை நாள், இத்தனை மணி கூட்டு என்று சொன்னால் செய்துவிடும். அதைத் தொடுவதற்கு முன் மொத்தத்தையும் வேறொரு ஹார்டிஸ்க்கில் காப்பி எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். எல்லாம் முடியும் வரை ஒரு படத்தைக்கூட அழிக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் தம்பி:

அக்கா, ‘அம்மா போன்’ ஃபோல்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தவையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது எக்ஸிஃப் உதிர்ந்துவிடும், படமும் சிறுத்துவிடும். அண்ணன் சொன்ன ‘டேட் டேக்கன்’ அங்கே காலியாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபைல் பெயரைப் பாருங்கள், 20190121 மாதிரி எட்டு எண் இருக்கும், பின்னால் டபிள்யூஏ என்று வரும். அது 2019 ஜனவரி 21, போனுக்கு வந்து சேர்ந்த நாள். எடுத்த நாள் என்று நம்பிவிடாதீர்கள். பழைய கல்யாணப் படத்தை யாராவது நேற்று அனுப்பியிருந்தாலும் நேற்றைய தேதிதான் இருக்கும்.

இரட்டைப் படங்களையும் டிஜிகேமே தேடிக் கொடுக்கும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பிக்சல் அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் கேமராவிலிருந்து நேராக வந்ததாக இருக்கும்.

தேதியே இல்லாதவற்றுக்குப் படத்தின் பின்னணியே சாட்சி. தங்க ரதம் முதலில் ஓடியது 2017இல், ஆகவே ரதம் தெரிந்தால் அதற்கு முந்தையது இல்லை. தண்ணீர்மலை உச்சியில் புதுக்கோயில் தெரிந்தால் 2012க்குப் பிறகு. பத்துமலையில் பெரிய முருகன் சிலை நின்றால் 2006 அல்லது அதற்கு மேல். 272 படியும் கலர் கலராக இருந்தால் 2018 ஆகஸ்டுக்கு அப்புறம். நானும் என் சொந்த அக்காவும் இப்படியே எங்கள் வீட்டில் முந்நூறு படத்துக்கு வருஷம் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது காப்பியை ஜெலுத்தோங்கிலேயே வைக்காதீர்கள். உங்கள் அண்ணன் வீடோ தங்கச்சி வீடோ, பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் நல்லது. நம் ஊர் இடி மின்னல் தெரியும்தானே, வேலை முடிந்ததும் ஹார்டிஸ்க் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

கிள்ளான் டீச்சர்:

கணினி வேலை ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, அது காத்திருக்கும். அம்மாவோடு இன்றைக்கே உட்காருங்கள். என் மாமியாரோடு நான் செய்ததைச் சொல்கிறேன். பசியாறிய பிறகு அரைமணி நேரம், இருபது படம், அதற்கு மேல் காட்டினால் களைத்துவிடுவார். “இது யார்?” என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. “இந்த வீட்டில் என்ன சமைப்பார்கள்?” என்று கேட்டேன், பெயர்கள் தானாக வந்தன. போனில் குரலைப் பதிவு செய்துகொண்டு ராத்திரி எழுதினேன்.

பெயரை ஃபோல்டரில் மட்டும் எழுதாதீர்கள், படத்துக்குள்ளேயே எழுதுங்கள். டிஜிகேம் அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதியில், முகப் பெயரையும் குறிச்சொல்லையும் ஃபைலிலேயே சேமிக்கும்படி டிக் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எல்லாம் அந்த மென்பொருளின் பட்டியலில் மட்டும் தங்கிவிடும், கணினி போனால் பெயர்களும் போய்விடும்.

அச்சுப் படங்கள் இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அப்பாவின் கையெழுத்து அங்கே இருக்கும்.

ஜெலுத்தோங் மகள்:

அண்ணே, தம்பி, டீச்சர், மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

‘டேட் டேக்கன்’ சேர்த்ததும் இருபதாயிரத்துக்கும் மேல் படங்கள் தாமாகவே வருஷ வரிசைக்கு வந்துவிட்டன. ‘2014-10 தீபாவளி’ என்று வருஷம், மாதம், விசேஷம் வரும்படி ஃபோல்டர் போட்டேன். அச்சுப் படம் ஒன்றின் பின்னால் நீல மையில் ‘ஆயர் ஈத்தாம். மழை. கோழிக்கறி’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் அம்மா நான்கு பேருடைய பெயரைச் சொன்னார்.

செம்பு நிலாவுக்குக் கேமரா போட்டிருந்த நேரம் 2008 செப்டம்பர் 14, விடியற்காலை 3:12. வித்தியாசம் 3,426 நாள், 18 மணி, 18 நிமிஷம். எண் வரிசையும் பார்த்தேன், எங்கும் பின்னால் குதிக்கவில்லை. காப்பியில் கூட்டிப் பார்த்தேன். தீபாவளிப் படங்கள் 2017 அக்டோபர் 18இல் வந்து விழுந்தன.

வரிசையில் முதல் படம் ஒரு பச்சைத் திரைச்சீலை, பாதி ஜன்னல். கேமரா வேலை செய்கிறதா என்று அப்பா அமுக்கிப் பார்த்திருக்கிறார். அடுத்த ஆறு படங்களில் வெள்ளைத் துணியில் சுற்றிய கைக்குழந்தை. 2008 என்று இருந்ததால் அந்த வருஷம் பிறந்த அண்ணன் மகன் என்று நினைத்து அவன் ஃபோல்டரில் போட்டிருந்தேன். திருத்தியதும் அந்தப் பச்சைத் திரைக்கு வந்த தேதி 2017 மே 19, மாலை 6:22. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். அது என் தங்கையின் மகள் பிறந்த நாள்.

உடனே ஆறு படத்தையும் தங்கைக்கு அனுப்பினேன், டாக்குமெண்டாக, சிறுக்காதபடி. கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டாள். “அன்றைக்கு நான் மயக்கத்தில் இருந்தேன். அப்பா சாயந்திரமே வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்” என்றாள்.