சால்டர் ஃபில்லட்டைப் பார்த்து முடிவு செய்வது எப்படி? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 0805 அளவு செராமிக் கப்பாசிட்டர்கள் உள்ள 40 போர்டுகளை இந்த வாரம் சோதிக்கிறேன். ஈயமில்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை) சால்டர் பேஸ்ட், அதை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் போட்டது.

10 மடங்கு லென்சில் பார்த்தால், ஒரு முனையில் ஃபில்லட், அதாவது இணைப்பில் ஆறிய சால்டரின் சரிவு, உட்குழிந்து, பேடிலிருந்து (போர்டில் உள்ள உலோகத் தளம்) முனையின் பாதி உயரம் வரை வழுவழுப்பாக ஏறியிருக்கிறது. அது சரி. மறுமுனையில் உருண்டையாகப் புடைத்து நிற்கிறது. விளிம்பு பேடோடு படிந்திருக்கிறதா, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று பிடிபடவில்லை. பேஸ்ட் கூடிப்போனதா, சால்டர் ஈரமாகவே இல்லையா (அதாவது உருகிப் பரவி உலோகத்தில் ஒட்டவே இல்லையா)?

மங்கலாக இருப்பதை நான் குறையாக எடுக்கவில்லை. ஈயமில்லாத சால்டர் அப்படித்தான் ஆறும். மின்னணு போர்டுகளை ஏற்பதற்கான தரநிலை ஐபிசி-ஏ-610. அதில் வகுப்பு 2-க்கு முனையின் செங்குத்துப் பக்கத்தில் சால்டர் ஈரமாகி ஏறியது தெரிந்தால் போதும். இன்னும் கடுமையான வகுப்பு 3 என்றால் முனைக்கு அடியில் உள்ள சால்டர் தடிமனோடு முனை உயரத்தில் 25 சதவீதம் அல்லது 0.5 மிமீ, எது குறைவோ அது வேண்டும்.

இவை வண்டியில் போகும் போர்டுகள். சால்டர் அதிகமானால் போர்டு வளையும்போது கப்பாசிட்டர் விரிசல் விடும் என்பதுதான் என் பெரிய கவலை. தொட்டுச் சரிசெய்தாலும் கூடுதல் சூடு படுமே!

சோதனைப் பிரிவில் இருப்பவர்கள், அந்த விளிம்புக் கோணத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்? வெளிச்சத்தைச் சாய்த்து வைப்பீர்களா? உங்களிடம் நல்லதும் கெட்டதுமாகப் படங்கள் இருந்தால் போடுங்கள். வியாழனுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.