ஒரு வரிசை நிறைந்துவிட்டது: இரண்டாவது பெட்டி வாங்கலாமா, கூடாதா?

அல்சூர்வாசி | வெள்ளி, இரவு 10.40

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரே வரிசை யூரோராக் மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி மாட்யூல்களைப் பெட்டியில் திருகி, கேபிளால் இணைத்து ஒலி எழுப்பும் மின்வாத்தியம்), அகலம் 84 ஹெச்பி. ஒரு ஹெச்பி 5.08 மில்லிமீட்டர் என்பதால் மொத்த அகலம் சுமார் 43 சென்டிமீட்டர். பெங்களூரு அல்சூரில் நான் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையில், துணி தேய்க்கும் மேசை மேலேயே அடங்கிவிடுகிறது. உள்ளே ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் இரண்டு (டிஜிட்டலான பிளெய்ட்ஸ் ஒன்று, அனலாக் ஒன்று), ஒலியைத் தீட்டவும் மழுக்கவும் ஒரு ஃபில்டர், வோல்ட்டை மெதுவாக ஏற்றி இறக்கும் மேத்ஸ், எட்டு ஸ்வரத்தை வரிசையாக வோல்ட்டாக அனுப்பும் எட்டுப் படி சீக்வென்சர், ஒரே ஒரு விசிஏ, ஹெட்போன் வெளியீடு. மிச்சம் 4 ஹெச்பி. அதில் வெறும் தகட்டைத் திருகி மூடியிருக்கிறேன்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. எல்லா இரவும் ஒரே மாதிரி முடிகிறது. எட்டு ஸ்வரம் சுற்றிச் சுற்றி வருகிறது, நான் ஃபில்டரைத் திறந்து மூடுகிறேன், பிறகு தூங்கிவிடுகிறேன். 45,000 ரூபாய் சேர்த்துவைத்திருக்கிறேன். இன்னொரு வரிசையும், தந்தியைத் தட்டினாற்போல் ஒலிக்கும் ரிங்ஸ் மாட்யூலும் வாங்க ஆசை. அதைச் செய்த மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2022-இல் மூடப்பட்டாலும், வடிவமைப்பைத் திறந்தே வைத்திருந்ததால் மற்றவர்கள் செய்து விற்கிறார்கள்.

மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை இணைத்திருக்கிறேன். மோகன ராகம். ஒரே சீக்வென்சர் இரண்டு ஆஸிலேட்டர்களையும் ஓட்டுகிறது. பின்னால் எலெக்ட்ரானிக் தம்புரா, ஐந்து கட்டை. கேட்டுவிட்டு, வாங்கலாமா என்று சொல்லுங்கள்.

மூன்றுவரிசை | வெள்ளி, இரவு 11.15

வாங்குங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரே விசிஏவை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறீர்களே, அந்தப் பொறுமைக்குக் கும்பிடு. புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: விசிஏ என்பது கைக்குப் பதிலாக வோல்ட் திருகும் ஒலிக்குமிழ். அது ஒன்றுதான் இருந்தால், மொத்தப் பெட்டியிலும் ஏதோ ஒன்றுதான் ஏறி இறங்கும். மற்றதெல்லாம் சப்பென்று கிடக்கும். இரண்டு ஆஸிலேட்டர்களை ஒரே சீக்வென்சரில் கட்டியதால் உங்களுக்கு இரண்டு குரல் கிடைக்கவில்லை. ஒரே குரலுக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் ரிங்ஸை முதலில் வாங்காதீர்கள். நான்கு விசிஏ கொண்ட மாட்யூல் ஒன்று, சின்ன மிக்ஸர் ஒன்று, அதற்குப் பிறகு ரிங்ஸ். என் மூன்று வரிசையில் பாதிக்குமேல் இப்படிப் பெயர் சொல்ல முடியாத சில்லறைச் சாமான்கள்தான்.

மடிக்கணினி | சனி, காலை 7.50

மூன்றுவரிசை சொல்வதைக் கேட்டால் அடுத்த வருடம் நீங்கள் நான்காவது வரிசைக்கு இடம் தேடிக் கட்டிலை விற்பீர்கள்.

கணினியிலேயே மாடுலர் சிந்தசைசரை ஓட்டும் விசிவி ராக் மென்பொருள் 2017-இலிருந்து கிடைக்கிறது. அடிப்படைப் பதிப்பு இலவசம். நீங்கள் ஆசைப்படும் ரிங்ஸ் அதில் வேறு பெயரில் அப்படியே இருக்கிறது. விசிஏ வேண்டுமா, நாற்பது வைத்துக்கொள்ளுங்கள். கூரியர்காரர் வாசலில் நின்று சுங்கவரி ரசீதை நீட்டும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும் அனுபவமும் மிச்சம்.

இது இசையல்ல, சாமான் சேர்க்கிற பொழுதுபோக்கு. அதுவும் மேல்நாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு.

மூன்றுவரிசை | சனி, காலை 9.05

மேல்நாட்டுப் பொழுதுபோக்கா? அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-இலேயே மூக் நிறுவனத்தின் மாடுலர் சிந்தசைசர் வந்திறங்கிவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து நிறுவிக்கொடுத்தார். நம் நாட்டு இசைக்கலைஞர் கீதா சாராபாய் அதில் வேலை செய்திருக்கிறார். யூரோராக் என்ற அளவே அதற்கு இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் பிறந்தது. மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் திருக முடியும். எனக்குக் கை இரண்டு.

மடிக்கணினி | சனி, காலை 9.20

அருமையான சாட்சி. ஒரே ஒரு மூக், அதைப் பல பேர் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். அவர்களில் யாராவது இன்னொரு வரிசை வேண்டும் என்று கட்டுரை எழுதினார்களா?

தந்தி | சனி, மதியம் 1.30

நான் மல்லேஸ்வரத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவன் ஒருவன் இந்தப் பக்கத்தைக் காட்டியதால் சேர்ந்தேன். வாங்குவது, விற்பது பற்றி எனக்குக் கருத்தில்லை. ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். அதைப் பற்றி இங்கே யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது.

தம்பி, கீழ் ஷட்ஜம் (ஸ) சுத்தமாக இருக்கிறது. காந்தாரம் (க) தூக்கல். மேல் ஷட்ஜம் தாழ்வு. இரண்டு குரலும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தி, கைகோத்துக்கொண்டு தாழ்கின்றன. அதுதான் எனக்குப் புரியவில்லை. என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சுருதி தப்பினால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

இன்னொன்று. மோகனத்தின் ஐந்து ஸ்வரத்தை அடுக்கினால் அது மோகனத்தின் ஆரோகணம். மோகனம் இன்னும் வரவில்லை. நான் மின்சாதனத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் என் தம்புராவும் எலெக்ட்ரானிக்தான். ராடெல் ராஜ் நாராயண் நம் ஊரில் உட்கார்ந்து அதைச் செய்தபோது முகம் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதை வைத்துத்தான் சாதகம் செய்கிறார்கள்.

அல்சூர்வாசி | சனி, மதியம் 2.10

டீச்சர், நன்றி. சீக்வென்சரில் குவான்டைசர் சுவிட்ச் இருக்கிறது. குமிழ் எங்கே நின்றாலும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கியதில் அருகிலுள்ள ஸ்வரத்துக்கு அது இழுத்துவிடும். அதனால் சுருதி தப்ப வழியே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினி | சனி, மதியம் 2.25

பழைய அனலாக் ஆஸிலேட்டர் சூடேறச் சூடேற நகரும். அதுதான் காரணம். மென்பொருளில் இந்தத் தொல்லையே கிடையாது.

பற்றவைப்பவன் | சனி, மாலை 6.45

அதுவல்ல காரணம். சூட்டால் நகர்ந்திருந்தால் அனலாக் மட்டும் தனியாகப் போயிருக்கும். பிளெய்ட்ஸ் டிஜிட்டல், அது நின்ற இடத்தில் நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்து தாழ்கின்றன என்று டீச்சர் சொன்னதில்தான் விடை இருக்கிறது.

தம்பி, ஒன்றின்மேல் ஒன்று சொருகும் கேபிளால்தானே சீக்வென்சர் வோல்ட்டை இரண்டாகப் பிரித்தீர்கள்? படத்தில் மஞ்சள் கேபிள் தெரிகிறது. வெளியீட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராக இருப்பது வழக்கம். ஆஸிலேட்டரின் உள்ளீடு 100 கிலோ ஓம். ஒன்றை மட்டும் சொருகினால் 101-இல் ஒரு பங்கு வோல்ட் அந்த ரெசிஸ்டரிலேயே தங்கிவிடும். ஆஸிலேட்டரை அளவுதிருத்தியபோதே அந்த இழப்பு கணக்கில் சேர்ந்திருக்கும். இரண்டைச் சொருகினால் சுமை 50 கிலோ ஓம். இழப்பு 51-இல் ஒரு பங்கு. கூடுதலாகப் போனது ஏறத்தாழ 1 சதவீதம். ஒரு வோல்ட் ஒரு ஸ்தாயி, ஒரு ஸ்தாயி 1200 சென்ட். ஆக மேல் ஷட்ஜம் 12 சென்ட் தாழ்ந்திருக்கும். இன்னொரு ஸ்தாயி ஏறினால் 24. இரண்டு ஆஸிலேட்டருக்கும் போவது அதே தேய்ந்த வோல்ட் என்பதால் அவை தங்களுக்குள் ஒத்துப்போகும். பின்னால் தம்புரா ஓடாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

காந்தாரம் வேறு கதை. தம்புராவில் கேட்கும் காந்தாரம் 5-க்கு 4 விகிதம், 386 சென்ட். குவான்டைசர் தருவது 400. நஷ்டமான 4 சென்ட் போக, இன்னும் 10 சென்ட் தூக்கல். ஆர்மோனியத்தின் மீது இருந்த அதே புகார்தான். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கிவைத்ததே, ஞாபகமிருக்கிறதா?

மூன்றுவரிசை | சனி, மாலை 7.00

ஆக, வோல்ட்டைத் தேயாமல் பிரித்துத்தரும் பஃபர் மல்டிபிள் என்று ஒரு மாட்யூல் இல்லாததால் வந்த வினை. இல்லாத மாட்யூலை வாங்கு என்றுதானே நேற்று இரவிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன்?

மடிக்கணினி | சனி, மாலை 7.10

ஒரு கேபிள் கோளாறைத் தீர்க்க 45,000 ரூபாயா?

பற்றவைப்பவன் | சனி, மாலை 7.40

நான் மூன்றுவரிசை பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்பி ரோடு பக்கம். நீங்களே ஒரு பஃபர் பற்றவைத்துக்கொள்ளுங்கள்: டிஎல்074 ஐசி ஒன்று, ஜாக் நான்கு, சில ரெசிஸ்டர், புள்ளிப் பலகை ஒரு துண்டு. ஒரு பிரியாணிச் செலவு. ஐசிக்குள் ஆப்-ஆம்ப் (வோல்ட்டை அப்படியே நகலெடுத்துத்தரும் சுற்று) நான்கு இருக்கிறது, நமக்கு மூன்று போதும். வெளியீட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். ஆனால் பின்னூட்டக் கம்பியை (வெளியீட்டை ஆப்-ஆம்ப்புக்கே திருப்பிக் காட்டும் கம்பி) அந்த ரெசிஸ்டருக்கு அப்பாலிருந்து எடுங்கள். அதை மறந்தால் பழைய கதைதான். மின்சாரம் கொடுக்கும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 வோல்ட் பக்கம். இரண்டு முறை பாருங்கள்.

மூன்றுவரிசை | சனி, மாலை 7.45

மூன்று முறை பாருங்கள். ஒரு ஃபில்டரை அப்படித்தான் தகனம் செய்தேன்.

தந்தி | சனி, இரவு 8.30

எனக்கு ஒரு கேள்வி. அந்தக் குவான்டைசர் சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும்?

அல்சூர்வாசி | சனி, இரவு 8.40

குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஸ்வரம், டீச்சர். நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும்.

தந்தி | சனி, இரவு 8.45

அப்படியானால் அது எட்டுத் தந்தி கொண்ட வாத்தியம். காதால் சுருதி சேர்க்க வேண்டியதுதானே? அதற்கு எதற்குப் பணம்?

மடிக்கணினி | சனி, இரவு 9.00

இந்தப் பக்கத்தில் எழுதப்பட்ட முதல் உருப்படியான யோசனை. (மென்பொருளிலும் செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.)

அல்சூர்வாசி | ஞாயிறு, மதியம் 12.20

காலையில் தம்புராவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சீக்வென்சரின் வரம்பு 5 வோல்ட்டில் இருந்தபோது குமிழின்மேல் மூச்சு விட்டாலே ஸ்வரம் ஓடியது. 1 வோல்ட்டுக்கு மாற்றியதும் குமிழின் முழுச் சுற்றும் ஒரே ஸ்தாயிக்குள் விரிந்தது. கைக்கு இடம் கிடைத்தது. காந்தாரத்தைக் குவான்டைசர் வைத்த இடத்திலிருந்து மெதுவாக இறக்கினேன். ஓர் இடத்தில் தம்புராவோடு இருந்த அலையடிப்பு மெல்ல மெல்லத் தணிந்து, சட்டென்று நின்றது. குமிழ் நகர்ந்த தூரம் ஒரு நூல் அகலம்கூட இருக்காது. பக்கத்தில் வெள்ளை நகப்பூச்சால் புள்ளி வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். படியிலிருந்து படிக்குப் போகும் வோல்ட்டை மேத்ஸ் வழியாக அனுப்பி, தாவாமல் வழுக்கிப்போக வைத்தேன். ஏற்றத்துக்கு ஒரு நேரம், இறக்கத்துக்கு ஒரு நேரம்.

மேல் ஷட்ஜத்தில் மாட்டிக்கொண்டேன். குமிழை முழுக்கத் திருகியாயிற்று; அதற்குமேல் போக இடமில்லை. ஒலி இன்னும் தாழ்வாகவே இருக்கிறது.

பற்றவைப்பவன் | ஞாயிறு, மதியம் 12.35

1 வோல்ட்டில் 1 சதவீதம் கூடுதலாகப் போய்விட்டால் குமிழ் என்ன செய்யும், பாவம். எஸ்பி ரோடு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். நாளை வேலை முடிந்ததும் போய் வாருங்கள். அதுவரை ஒரே ஆஸிலேட்டரோடு வாசியுங்கள்.

மூன்றுவரிசை | ஞாயிறு, மதியம் 1.00

சுருதி விஷயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுப்பு? முதல் பதிவில் அதைத்தானே கேட்டார். எட்டுப் படியையும் தங்கமாகச் சுருதி சேர்த்தாலும் அது எட்டுப் படிதான். இரண்டாவது சீக்வென்சர் வேண்டும்.

தந்தி | ஞாயிறு, மாலை 4.15

எட்டு என்றால் ஆதி தாளம். அதை ஏழில் நிறுத்தித் திருப்ப முடியுமா? மிஸ்ர சாபு.

அல்சூர்வாசி | ஞாயிறு, மாலை 4.20

முடியும். எட்டாவது படி வந்ததும் வெளிவரும் கேட் துடிப்பை, முதல் படிக்குத் திருப்பும் ரீசெட்டில் சொருகினால் ஏழோடு திரும்பிவிடும்.

தந்தி | ஞாயிறு, மாலை 4.30

நீ கையால் ஆதி தாளம் போடு, அது ஏழில் ஓடட்டும். ஐம்பத்தாறாவது எண்ணிக்கை முடிந்ததும் இருவரும் சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) சந்திப்பீர்கள். அதுவரை தாளத்தை விடாமல் இருந்தால் அலுப்பு வருகிறதா என்று பார். வழுக்கல் நன்றாக இருக்கிறது; அதற்கு ஜாரு என்று பெயர். கம்பிதத்தை (ஸ்வரத்தை அசைத்து ஆட்டும் கமகத்தை) எல்எஃப்ஓ என்ற மெதுவாக ஆடும் ஆஸிலேட்டரால் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரே வேகத்தில் ஆடுவது மின்விசிறி.

மூன்றுவரிசை | ஞாயிறு, மாலை 5.00

அந்த எல்எஃப்ஓவின் வேகத்தையும் ஆழத்தையும் மாற்ற இன்னும் இரண்டு விசிஏ இருந்தால் மின்விசிறி ஆகாது. சும்மா சொல்லிவைத்தேன்.

தந்தி | ஞாயிறு, மாலை 5.10

அது நியாயமாகப் படுகிறது. யாராவது செய்து காட்டினால் கேட்கிறேன்.

அல்சூர்வாசி | செவ்வாய், இரவு 11.50

பலகை தயார். பற்றவைத்ததில் ஒரு மூட்டு அழுத்தமாக ஒட்டாமல் அரை மணி நேரம் அலைக்கழித்தது. சிவப்புக் கோட்டை நான்கு முறை பார்த்தேன். வெறும் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த 4 ஹெச்பியில் அட்டைத்துண்டு முகப்போடு உட்கார வைத்திருக்கிறேன்; அசிங்கமாக இருக்கிறது, வேலை செய்கிறது. மேல் ஷட்ஜம் குமிழின் கடைசிக் கோட்டில் வந்து நிற்கிறது.

ஐம்பத்தாறில் இரண்டு முறை சந்தித்தேன், ஒன்பது முறை தவறவிட்டேன். 45,000 அப்படியே இருக்கிறது. மூன்றுவரிசை அண்ணா, நான்கு விசிஏ மாட்யூலின் விலையை மட்டும் பார்த்துவைத்திருக்கிறேன். அதற்கு ஒரு சின்னப் பெட்டியே போதும். புதிய ஒலிப்பதிவு இணைப்பில்.

தந்தி | புதன், காலை 6.10

கேட்டேன். காந்தாரமும் மேல் ஷட்ஜமும் உட்கார்ந்துவிட்டன. இப்போது ரிஷபம் உறுத்துகிறது. இம்மி ஏற்று.