வான்கோழி வேட்டைக்கு 20 கேஜ்: எந்த சோக் சரி?

வணக்கம். அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு, 12 கேஜ் மூன்றரை அங்குலத் தோட்டாவை விட்டு 20 கேஜ் 3 அங்குலத்துக்கு மாறப் போகிறேன் (கேஜ் என்பது குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறியது); தோளில் விழும் உதை குறைய வேண்டும். நான் போடப்போகும் டங்ஸ்டன் ரவையின் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 18 கிராம், ஈயத்துக்கு 11தான். அதனால் 9ஆம் எண் பொடி ரவையே 40 கெஜத்தில் போதுமான அளவு ஊடுருவும். ஆனால் 6 பவுண்டுக்கும் குறைந்த துப்பாக்கியில் கனத்த தோட்டா போட்டால் உதை திரும்பிவிடும். எனவே சுடும்போது வரும் வாயுவால் இயங்கி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றி, உதையையும் குறைக்கும் செமி ஆட்டோதான் என் தேர்வு.

சிக்கல் சோக்கில், அதாவது ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயைக் குறுக்கும் பகுதியில். அளவுக்கு மீறி இறுக்கினால் ரவை திட்டுத்திட்டாக விழுகிறது. 15 கெஜத்தில் ரவைக் கூட்டம் ஆரஞ்சுப் பழம் அளவுக்குச் சுருங்கி, குறிவைக்கும் வான்கோழியின் கழுத்து தப்பிவிடும். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ சோக்கின் உள்விட்டம் .555 அங்குலம் நல்லதா, .575 நல்லதா? தாளில் சுட்டுப் பார்த்தவர்கள் எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.