அப்பா அம்மாவுக்கு எச்டி டிவி: ரிமோட் ஒண்ணே ஒண்ணா, ஒயர் கம்மியா செட் பண்றது எப்படி?

கோபிக்காரன்:
வணக்கங்க. அப்பா அம்மா கோபி பக்கத்துல ஊர்ல இருக்காங்க, நான் பெங்களூருங்க. பழைய 21 இன்ச் பெட்டி டிவில பிக்சர் ட்யூப் போயிருச்சு, சரி ஜிஎஸ்டியும் 28ல இருந்து 18க்கு எறங்கியிருச்சேன்னு 43 இன்ச்ல ஒரு கூகுள் டிவி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். மாட்ட வந்த பையன் வீட்ல இருந்த பழைய கேபிள் பாக்ஸையே மஞ்ச செவப்பு வெள்ளை ஒயர்ல சொருகிட்டுப் போயிட்டான். இப்ப அம்மா தெனமும் போன்ல "பழைய டிவியே தேவலாம்டா, எல்லார் மூஞ்சியும் தோசை மாதிரி அகலமா இருக்குது, எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது"ன்னு ஒரே பொலம்பல். ரிமோட் வேற மூணு, டிவிக்கு ஒண்ணு பாக்ஸுக்கு ஒண்ணு அப்பாவோட பழைய 5.1 ஹோம் தியேட்டருக்கு ஒண்ணு. டிவிய ஆன் பண்ணா ஹோம் ஸ்க்ரீன்ல வந்து நிக்குது, அங்கிருந்து கேபிளுக்குப் போகத் தெரியாம பக்கத்து வீட்டுப் புள்ளைய கூப்பிடறாங்க. அம்மாவுக்கு சன், விஜய், ஜீ தமிழ். அப்பாவுக்கு நியூஸ், கேடிவி. பட்டன அமுக்குனா சேனல் வரோணும், அவ்ளோதானுங்க வேணும். என்ன பண்ணலாம்?

ஆன்டெனா தாத்தா:
தம்பி, டிவி மேல தப்பு இல்ல, அந்த மஞ்ச ஒயரப் புடுங்குங்க மொதல்ல. அதுல எச்டி வரவே வராது, 720க்கு 576 புள்ளி, மொத்தமே 4 லட்சம் சொச்சம் தான். எச்டி சேனல்னா 1920க்கு 1080, 20 லட்சத்துக்கு மேல. 21 இன்ச்ல நல்லாருந்த அதே 4 லட்சத்த 43 இன்ச்சுல பரப்புனா மங்காம என்ன பண்ணும். கேபிள்காரர்ட்ட சொல்லி எச்டி பாக்ஸா மாத்துங்க, இல்ல டிடிஎச் போங்க, படமும் சத்தமும் ஒரே எச்டிஎம்ஐ ஒயர்ல வந்துரும். ஒயர் சாதாரணமானதே போதும், தங்க முலாம் அது இதுன்னு கடையில சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க.

பாக்ஸ் மாத்திட்டா மட்டும் போதாது, பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடறது. பாக்ஸ் செட்டிங்ஸ் உள்ள போயி வீடியோ அவுட்புட் 1080i, ஸ்க்ரீன் 16:9ன்னு வைங்க. டிவி பக்கம் பிக்சர் சைஸ் ஆட்டோ இல்லாட்டி ஒரிஜினல். தோசை மூஞ்சி அதோட சரியாயிரும். பாக்ஸ டிவி பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க, ரிமோட் சிக்னல் எடுக்காது.

சவுண்டு பிரியன்:
ப்ரோ 43 இன்ச் வாங்கிட்டு அப்படியே விட்டா எப்படி? ஒரு ஏவி ரிசீவர் (எல்லா ஒயரும் ஒண்ணா சேர்ற ஆம்ப்ளிஃபயர் பொட்டி) போடுங்க, பாக்ஸ், டிவிடி, ஃபயர் ஸ்டிக் எல்லாத்தையும் அதுல குடுத்து ஏஆர்சி (டிவி சத்தமும் திரும்பி வர்ற எச்டிஎம்ஐ ஓட்டை) வழியா டிவிக்கு ஒரே ஒயர், எச்டிஎம்ஐ சிஇசி (ஒயர் வழியா ஒரு பொட்டி இன்னொண்ண ஆட்டி வைக்கற வசதி) ஆன் பண்ணா ஒரு ரிமோட்ல எல்லாம் ஆடும். சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க், பேர் தான் வேற.

ரிமோட்_ராணி:
@சவுண்டு பிரியன் அவரு கேட்டது சீரியல் பாக்கறதுக்குங்க, தியேட்டர் கட்டறதுக்கு இல்ல 😄 சிஇசி நல்ல விஷயம் தான், ஆனா நம்மூர் கேபிள் பாக்ஸ் பலதுல அது கெடையாது, அப்புறம் ரிசீவர் ரிமோட்டும் சேந்து நாலு ஆயிடும்.

@கோபிக்காரன் பாக்ஸ் ரிமோட்டயே மெயினா வச்சுக்கோங்க. நிறைய டிடிஎச் ரிமோட்லயும் சில கேபிள் ரிமோட்லயும் டிவின்னு போட்ட பவர், வால்யூம் பட்டன் தனியா இருக்கும், அதுக்கு டிவி ரிமோட்டோட வேலைய சொல்லிக் குடுத்துரலாம். ரெண்டு ரிமோட்டயும் மூக்கோட மூக்கு வச்சு அமுக்கணும், எந்த பட்டன் எவ்ளோ நேரம்ங்கறது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், கேபிள்காரரே செஞ்சு குடுப்பாரு. டிவி ரிமோட் ப்ளூடூத்னாலும் பவர் பட்டன் பெரும்பாலும் இன்ஃப்ராரெட் தான், அதனால கவலப்படாதீங்க. பாக்ஸ் பாட்டுக்கு ஆன்லயே கெடக்கட்டும், டிவிய மட்டும் ஆன் ஆஃப் பண்ணா போதும்.

ஹோம் ஸ்க்ரீன் தொல்லைக்கு: செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் எனர்ஜி, அதுக்குள்ள பவர் ஆன் பிஹேவியர்னு இருக்கும், லாஸ்ட் யூஸ்டு இன்புட்னு மாத்திருங்க. ஆன் ஆனதும் நேரா எச்டிஎம்ஐல நிக்கும். அப்புறம் டிவி ரிமோட்ட பீரோல வச்சு பூட்டுங்க.

முக்கியமானது இன்னொண்ணு, எச்டி சேனல் நம்பர் வேற. அம்மாக்கள் நம்பர மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, பழைய நம்பர அமுக்குனா அதே மங்கல் படம் தான் வரும், எச்டி வேஸ்ட்டுனு திட்டுவாங்க. புது நம்பர அட்டைல கொட்டை எழுத்துல ஸ்கெட்ச்ல எழுதி டிவிக்கு கீழ ஒட்டுங்க.

மதுர_மைக்செட்டு:
அண்ணே பேக் விஷயத்துல உஷாரு. ஒரே போக்கேல, அதாவது ஒரே சேனல் பேக்குல, ஒரு சேனலோட எஸ்டியும் (பழைய சாதா படம்) எச்டியும் சேத்து போடக்கூடாதுன்னு ட்ராய் (கேபிள், டிடிஎச்ச கட்டுப்படுத்தற அரசு அமைப்பு) ரூல் இருக்கு, ஆனா நம்மளே தெரியாம ரெண்டு பேக் போட்டு ரெண்டுக்கும் காசு கட்டிட்டு இருப்போம். பாக்கற நாலஞ்ச மட்டும் எச்டில தனித்தனியா எடுங்க, சன், கேடிவி, விஜய், ஜீ தமிழ் நாலுக்கும் எச்டி இருக்கு. நியூஸெல்லாம் எஸ்டியே போதும், கத்துறத பளபளன்னு பாத்து என்ன ஆகப்போகுது.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பாக்ஸ் மாத்த சொல்லிட்டேன். அப்பா அந்த 5.1ஐ விடவே மாட்டேங்கறாருங்க, அதுல எச்டிஎம்ஐயும் இல்ல ஆப்டிக்கலும் இல்ல, செவப்பு வெள்ளை ஓட்டை மட்டும் தான்.

ஆன்டெனா தாத்தா:
டிவில ஹெட்போன் ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு முனை ஹெட்போன் பின், மறுமுனை செவப்பு வெள்ளை, அந்த ஒயர் எலக்ட்ரிக்கல் கடையிலயே கெடைக்கும். பெரும்பாலான டிவில அந்த ஓட்டைல வர்ற சத்தம் டிவி வால்யூமோட சேந்து ஏறி எறங்கும், அதனால ஹோம் தியேட்டர பாதி வால்யூம்ல வச்சு விட்டுட்டா அதோட ரிமோட்டுக்கு வேலையே இல்ல. ஸ்டீரியோ தான் வரும், அஞ்சு ஸ்பீக்கர்லயும் தனித்தனியா வராது. அப்பாகிட்ட அத மட்டும் சொல்லிறாதீங்க.